மூன்றாவது பாட்டில் ஒரு கீறல்

அந்த சிடியின் அட்டையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் மரவேலியில் சாய்ந்து நின்றார். கையில் கௌபாய் தொப்பி. தலையில் வைத்தால் முடி கலைந்துவிடுமே என்ற கவலை அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது. நாங்கள் நியூஜெர்சியில் பிஸ்கட்டவேயில் நாலு குளிர்காலம் பனி வாரிவிட்டு, போதும் சாமி என்று டெக்சஸ் பக்கம் பேர்லேண்டுக்குக் குடிவந்த புதிது. ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குவியலில் கிடைத்தது இது.

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. டெக்சஸில் அது கண்ட்ரி பாட்டு. லாரி, மழை, நாய், விட்டுப்போன மனைவி, இவற்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நான் எடுத்து வந்தது கண்ட்ரி பாடகரின் ஆல்பமே இல்லை என்பது காரில் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. அட்டையில் நின்றவர் ஒரு பாப் பாடகர். பியானோ பக்கத்தில் நின்றபடி மைக்கைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, காதோடு காதாகக் காதல் பாட்டுப் பாடுகிற ரகம். அவர் ஒரு ஆசைக்குப் பழைய கண்ட்ரி பாட்டுகள் பன்னிரண்டை எடுத்து, பின்னால் ஒரு வரிசை வயலின்களை உட்கார வைத்து, பாட்டையெல்லாம் நன்றாக இஸ்திரி போட்டுப் பாடியிருந்தார். லாரி ஓட்டுகிறவன் அழுகிற பாட்டில்கூட இவர் சென்ட் வாசனையோடு அழுதார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடுத்தவன் பாட்டைப் பாடுகிறவன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஈரோட்டில் காலேஜ் படித்த காலத்தில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஆறு வருஷம். இருநூறு கல்யாணமாவது இருக்கும். எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான்: ரெக்கார்டில் எப்படி இருக்கிறதோ அச்சு அசல் அப்படியே. ரெக்கார்டில் பாடகர் மூச்சு எடுத்த இடத்தில்தான் நாமும் மூச்சு எடுக்க வேண்டும். கூடுதலாக ஒரு சங்கதி போட்டால், கீபோர்டு வாசிக்கிறவர் வாசிப்பை நிறுத்தாமலே திரும்பி முறைப்பார். ஜனங்களும் அப்படித்தான். "ரெக்கார்டு போட்ட மாதிரியே இருந்துச்சு தம்பி" என்பதுதான் பெரிய பாராட்டு.

அந்தப் பிழைப்பில் எனக்கு ஒரே மனக்குறை சாப்பாடு. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, ஊர், உறவு என்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் பாட்டுக்காரர்களுக்கு இலை போடுவார்கள். அதற்குள் ரசம் தண்ணீராகியிருக்கும், அப்பளம் நமுத்திருக்கும், பாயச வாளியில் கரண்டி அடி தட்டும் சத்தம்தான் மிச்சம். இருநூறு கல்யாணத்தில் ஒன்றில்கூட நான் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. இந்தக் கதையை நான் எங்கே விருந்துக்குப் போனாலும் சொல்லுவேன். அமெரிக்காவில் இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. என் மனைவி, நான் "இருநூறு" என்று ஆரம்பித்ததுமே தண்ணி குடிக்க எழுந்துபோவாள்.

ஆக, பழைய புத்தி போகாமல், அந்தப் பாப் பாடகரின் பன்னிரண்டு பாட்டையும் எங்கள் குழுவின் முறைப்படி கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு கோடு போட்ட நோட்டில் ஆங்கிலப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி, அவர் மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் டிக் போட்டேன். ஆபீஸ் ஹூஸ்டனில். 288 ஹைவேயில் காலையும் மாலையும் டிராஃபிக் நகராது. அதைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், எனக்கு அது சாதகம் பண்ணும் நேரம். அவர் வார்த்தையை எங்கே வழுக்கவிடுகிறார், எங்கே பாதிச் சிரிப்போடு முடிக்கிறார், எல்லாம் ஒரே மாதத்தில் என் தொண்டைக்கு வந்துவிட்டது.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. சாயங்காலம் டேகேரில் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போதும் அந்த சிடிதான் ஓடும். பின் சீட்டில் அவளும் கூடப் பாடுவாள். ஒரு சனிக்கிழமை சிடியைக் காணோம் என்று தேடினால், மகாராணி அதை டிரைவ்வேயில் சக்கரமாக உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறாள். சிமென்ட் தரையில். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அவள் அழ, அவள் அழுததைப் பார்த்து என் மனைவி என்னைத் திட்ட, கடைசியில் நான்தான் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். டூத்பேஸ்ட் தடவித் துடைத்தால் கீறல் போகும் என்று யாரோ சொன்னார்கள். தடவினேன். சிடிக்குப் புதினா வாசனை வந்ததுதான் மிச்சம்.

கீறல் மூன்றாவது பாட்டின் மேல். ஒரு லாரி டிரைவர் மழையில் வண்டி ஓட்டிக்கொண்டே, காபி போட்டு வை, வாசல் விளக்கைப் போட்டு வை, மழை விடுவதற்குள் வந்துவிடுவேன் என்று பாடுவான். அங்கே சிடி ஒரு குதி குதித்து, அடுத்த இரண்டு வரியை விட்டுவிட்டு, 'இதோ வண்டி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது' என்ற வரியில் போய் விழும். என்ன அதிர்ஷ்டமோ, தாளம் தப்பாமல் விழும். பன்னிரண்டில் அந்தப் பாட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன், கற்றதே கீறலுக்குப் பிறகுதான். காணாமல் போன இரண்டு வரியைத் தேடியிருக்கலாம், தேடவில்லை. ரெக்கார்டில் இருப்பதுதான் பாட்டு. நோட்டில் அப்படியே எழுதி டிக் போட்டேன். ஒரு வருஷம் போனதும், அங்கே ஏதோ இல்லை என்பதே மறந்துபோயிற்று.

எங்கள் தெருவில் வண்டி திரும்பும்போது அந்த வரி வருகிற மாதிரி ஓட்டிப் பழகினேன். ஸ்டாப் சைனில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் சரியாக வந்துவிடும். மகள் அதற்கு வைத்த பெயர் 'வீடு வந்தாச்சு பாட்டு'. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிடியில் பாடுகிறவரே நான்தான் என்று அவள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். கிண்டர்கார்ட்டனில் போய் எங்கப்பா ஒரு சிடி போட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் பெரிய பாடகராமே என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

இப்போது அவளுக்கு இருபத்தாறு. கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை டெக்சஸ்காரன், ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். நல்ல பையன், சாம்பாரை ஸ்பூனால் குடிப்பான், அது ஒன்றுதான் குறை. காலையில் கோயிலில் முகூர்த்தம், மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு ஹாலில் ரிசப்ஷன் என்று முடிவாயிற்று. மகள் எல்லாவற்றையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு எங்களுக்கு ஷேர் பண்ணினாள். நான் ரிசப்ஷன் நிகழ்ச்சி நிரலை வரிவரியாகப் படித்தேன். ஐந்து மணி, விருந்தினர் வருகை. ஐந்தே முக்கால், மாப்பிள்ளையின் அப்பா கிட்டார் வாசித்து இரண்டு பாட்டு. ஆறேகால், கேக். கடைசி வரி வரை போய், மறுபடி மேலே வந்து பார்த்தேன். என் பெயர் இல்லை.

வயிறெரிந்தது என்று ஒளிவுமறைவில்லாமலே சொல்கிறேன். முன்பின் தெரியாத இருநூறு கல்யாணத்தில் தொண்டை கிழியப் பாடியவன், சொந்த மகள் கல்யாணத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு கை தட்ட வேண்டுமாம். சம்பந்திக்கு இரண்டு பாட்டாம்.

"கேட்டுப் போடுங்களே," என்றாள் மனைவி. "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்திரும்?"

"கூப்பிட்டாத்தான் பாடறது. நானாப் போயி மைக்க வாங்க முடியுமா?"

"உங்க மகதானுங்க அவ. சேர்மன் இல்ல."

நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் இருக்கும் எல்லாக் குழாய்களையும் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவேன். அந்த வாரம் மூன்று வாஷர் மாற்றினேன்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி வீட்டில் விருந்து. ரிஃபைனரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஆறடிக்கு மேல் உயரம், என்னையும் சார் என்பார், பெட்ரோல் போடுகிற பையனையும் சார் என்பார். அவர் மனைவி எங்களுக்காகத் தனியாக பீன்ஸ் சமைத்து, அதில் பன்றிக்கறி போடவில்லை என்று மூன்று முறை சொன்னார். மாப்பிள்ளையும் மகளும் பூக்காரரைப் பார்க்கப் போயிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். சம்பந்தி கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, நாலு கம்பியைத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது பாட்டு.

இவர் பாடியது வேறு மாதிரி. வயலின் இல்லை, வழுக்கல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்கிற மாதிரி சாதாரணமாகப் பாடினார். ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டாவது வரியிலேயே கூடச் சேர்ந்துவிட்டேன், அச்சு அசல் என் பாப் பாடகர் மாதிரி. அவர் புருவம் உயர்ந்தது. விட்டுக்கொடுத்துவிட்டு கிட்டார் மட்டும் வாசித்தார். வயலின் வரும் இடத்தில் வயலினையும் நானே ஹம் பண்ணினேன். என் மனைவி முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். காபி போட்டு வை, விளக்கைப் போட்டு வை, மழை விடுவதற்குள் வந்துவிடுவேன், இதோ வண்டி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

கிட்டார் நின்றது.

"சார், நடுவுல ரெண்டு வரியை விட்டுட்டீங்க," என்றார்.

"இல்லையே. ரெக்கார்டில் இப்படித்தான்," என்றேன் ஆங்கிலத்தில், மிடுக்காக.

எந்த ரெக்கார்டு என்று கேட்டார். சொன்னேன். அந்த ஆள் வாழ்நாளில் லாரிப் படியில் கால் வைத்திருக்க மாட்டான் என்று சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. சிரித்து முடித்து, அந்த இரண்டு வரியையும் எனக்காக மெதுவாகப் பாடிக் காட்டினார். வாசல் விளக்கு எரிந்து இரண்டு வருஷம் ஆயிற்று, அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, இதெல்லாம் ஸ்டியரிங்கிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

"அவன் காலி வீட்டுக்குத்தான் போறான் சார். அதுதான் பாட்டே."

வருஷக்கணக்காக மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, தெரு திரும்பும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே பாடிய பாட்டு அது. திரும்பும் வழியில் மனைவிதான் வண்டி ஓட்டினாள். எங்கள் தெருவில் திரும்பியபோது ஸ்டாப் சைனில் அவளும் பழக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். வாசல் விளக்கு டைமரில் தானாகவே எரிந்துகொண்டிருந்தது. மகள் வேலைக்குப் போய்த் தனி அப்பார்ட்மென்ட் எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, ஆனால் இவ்வளவு நாள் அது காலி வீடாக எனக்குத் தெரிந்ததே இல்லை. காரிலிருந்து இறங்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து ஜாக்கெட் அளவுக்காக மகள் வந்தாள். வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உன் ஷீட்ல என் பேரே காணோம். நான் பாட வேண்டாமா?"

எங்கள் மகளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நான் நிகழ்ச்சி நிரலை மட்டும்தான் பார்த்தேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஷீட்டில் கீழே இன்னும் ஆறு டேப் இருக்கிறது அப்பா, நீங்க இன்ஜினியர்தானே என்று சொல்லி, போனை என்னிடம் நீட்டினாள்.

'லஞ்ச்' என்று ஒரு டேப். பந்தி, இலை, யார் எங்கே என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். முதல் பந்தி, முதல் இலை: அப்பா. பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில், பாயசம் இவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சூடாக, இரண்டு முறை, கேட்டரிங் ஆளிடம் சொல்லியாயிற்று என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"பாடறவங்களுக்குக் கடைசியிலதான் சாப்பாடுன்னு சின்ன வயசிலேருந்து சொல்லியிருக்கீங்க," என்றாள். இதை மட்டும் தமிழில் சொன்னாள், கொஞ்சம் தடுமாறி. "என் கல்யாணத்துல நீங்க வேலை செய்யக் கூடாது. உக்காந்து சாப்பிடணும்."

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. இருநூறு என்றதும் எழுந்துபோகிறவர்கள் வீட்டில் ஒருத்தி ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

"சாப்பாடு மத்தியானம்தானே," என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "பாட்டு சாயங்காலம். ரெண்டும் பண்ணட்டுமே உங்கப்பா. இல்லைன்னா வீட்ல ஒரு குழாய் மிஞ்சாது."

மகள் அங்கேயே நின்றபடி ஷீட்டைத் திருத்தினாள். மாப்பிள்ளையின் அப்பா, இரண்டு பாட்டு. அதன் கீழே: அவரும் அப்பாவும், ஒரு பாட்டு, வீடு வந்தாச்சு.

கல்யாணத்தன்று முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தேன். கோயில் மண்டபத்தில், கூரைச் சேலையோடு, மாலையோடு, மணப்பெண்ணே என் எதிரில் வந்து நின்று, பாயசம் பரிமாறுகிற ஆளைக் கண்காணித்தாள். சூடாகத்தான் இருந்தது. அப்பளம் நொறுங்கியது. இரண்டாவது முறை ஊற்றும்போது வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மேடை ஏறிய சம்பந்தி இரண்டு பாட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நோட்டோடு போனேன். அதற்குள் அந்த இரண்டு வரியையும் கற்றிருந்தேன். தமிழில் எழுதி, டிக் போட்டு, முறையாகவே கற்றிருந்தேன். டெக்சஸ்காரர்கள் நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் தப்பாகப் பாட முடியாதல்லவா. ஆனால் அந்த இரண்டு வரியைப் பாடுவதா, கீறல்படியே விடுவதா என்று மேடை ஏறும்வரை முடிவு பண்ணவில்லை. அவரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

காபி போட்டு வை என்று ஆரம்பித்தேன். மகள் முன்வரிசை மேஜையை விட்டு எழுந்து வந்து மேடைக்குக் கீழே நின்றாள். விளக்கைப் போட்டு வை. மழை விடுவதற்குள் வந்துவிடுவேன். அந்த இடம் வந்தது. பென்சில் டிக்கில் மூச்சை எடுத்துவிட்டு, எந்த வரி என்று தெரியாமல் நான் நின்ற அரை நொடியில், பக்கத்தில் கிட்டார் என்னை முந்திக்கொண்டு குதித்தது. இருபத்திரண்டு வருஷமாக சிடி எங்கே குதித்ததோ, அங்கேயே, தாளம் தப்பாமல். சம்பந்தி என்னைப் பார்க்கக்கூட இல்லை, கம்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

இதோ வண்டி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அதைப் பாடியதோடு நின்றுவிட்டேன். இருநூறு கல்யாணத்தில் நான் ஒரு வரி விட்டதில்லை. அடுத்த வரி வரவேயில்லை. கிட்டார் மட்டும் ஓடியது. கீழே நின்ற என் மகள் மைக் இல்லாமலே அந்த வரியை எடுத்துப் பாட ஆரம்பித்தாள். நான் வழுக்குகிற இடத்தில் வழுக்கி, நான் மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுத்து, அச்சு அசல் அப்படியே பாடினாள்.